பெயர் இங்கே, உடல் எங்கே?

சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள், தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில், புனித மரியாள் ஆலயம் இருக்கிறது. ஆலயத்தைச் சுற்றித் தரையில் பாவியிருப்பவை சாதாரணப் பாவுகற்கள் இல்லை. குனிந்து பார்த்தால் எழுத்து தெரியும். ஒரு கல்லில் கேடயமும் குடும்பச் சின்னமும் இருக்கும். இன்னொன்றில் பாதி வரி தேய்ந்து, இறந்தவரின் வயது மட்டும் மிஞ்சியிருக்கும். இவற்றில் மூத்தது எலிசபெத் பேக்கர் என்ற பெண்மணியின் கல். ஆண்டு 1652, மொழி இலத்தீன். அவருடைய கணவர் ஏரன் பேக்கர், கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பிரசிடெண்டாகச் சென்னைக்கு வந்தவர். பதவியேற்க வரும் வழியில், கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்தார்.

கல் இருக்கிறது, கல்லுக்குக் கீழே எலிசபெத் இல்லை. அவர் இறந்தபோது இந்த ஆலயமே கிடையாது. அதற்கு அடித்தளம் போடுவதற்கு இன்னும் 26 ஆண்டுகள் இருந்தன. சுற்றிலும் கிடக்கும் நூற்றுக்கு மேற்பட்ட கற்களில் பெரும்பாலானவற்றின் கதையும் இதுதான். பெயர் ஓரிடத்தில், எலும்பு வேறிடத்தில். இந்தக் கற்கள் எங்கிருந்து புறப்பட்டன, யார் பெயர்த்தார்கள், வழியில் என்னென்ன வேலை பார்த்தன என்பதை ஓரளவுக்குப் பின்தொடர முடிகிறது. அதற்கு மேல் கதை அறுந்துவிடுகிறது.

குப்பத்தை ஒட்டிய சாந்திபுரத்தில் உட்கார்ந்துகொண்டு சென்னைக் கோட்டைக் கல்லைப் பற்றி எழுத உனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அந்தக் கோட்டை எழும்பிய மணல்திட்டை 1639இல் கம்பெனியின் பிரான்சிஸ் டேயிடம் கொடுத்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவருக்கு மேலே இருந்தது எங்கள் பக்கத்துச் சந்திரகிரி அரசு. 1645இல் அந்தக் கொடையை உறுதிசெய்தவரும் அதே மரபின் ஸ்ரீரங்கராயர்தான். கற்களை இரண்டாம் முறை பெயர்க்க வைத்த மனிதர் உயிரை விட்டது சித்தூருக்குப் பக்கத்தில். ஆலயத்துக்குள் கிடக்கும் இன்னொருவரின் பெயர் திருமலை மடைப்பள்ளி வரைக்கும் போயிருக்கிறது. சித்தூர்க்காரர்கள் வேண்டாம் என்றாலும் இந்தக் கதை நம் வாசலுக்கு வந்துதான் தீரும்.

முதலில் கல்லைப் பார்ப்போம். சென்னையைச் சுற்றி நல்ல கருங்கல் கிடைப்பது பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் குன்றுகளில். கருநீலம் ஓடிய, இறுகின, மெருகேற்றினால் கண்ணாடி போல மினுங்கும் கல். ஆலயத்தின் ஞானஸ்நானத் தொட்டி அந்தக் கல்லில் கடைந்ததுதான். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் மூன்று பெண்களுக்கும் 1689இல் இங்கே ஞானஸ்நானம் நடந்தது. சார்னாக் 1693இல் வங்காளத்தில் இறந்தார். அவர் கல்லறைக்குப் போட்ட பலகைக் கல்லும் பல்லாவரத்துக் கல்லே. கடல் வழியாகக் கல்கத்தா போயிருக்கிறது. இருநூறு ஆண்டு கழித்து, 1893இல், புவியியல் ஆய்வுத் துறையின் டி. எச். ஹாலண்ட் அந்தப் பாறை வகைக்குப் பெயர் தேடியபோது, சார்னாக்கின் கல்லறைக் கல்லை நினைத்து ‘சார்னோகைட்’ என்று வைத்தார். பல்லாவரத்துக் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர்! உலகம் முழுக்க நிலவியல் மாணவர்கள் அந்தப் பெயரைத்தான் படிக்கிறார்கள். இலத்தீன் தெரியாத கல்தச்சர்கள் இலத்தீன் எழுத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்து வெட்டியிருப்பார்கள். அந்தத் தச்சர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கற்கள் முதலில் இருந்த இடம் கோட்டைக்கு வெளியே, வடக்கில், பழைய கறுப்பர் நகரத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டம். இன்றைய அடையாளம் சொன்னால் உயர் நீதிமன்ற வளாகம், பழைய சட்டக் கல்லூரி இருக்கும் இடம். உயிரோடு இருப்பவர்களுக்குக் கோட்டைச் சுவருக்கு உள்ளே வீடு. இறந்தவர்களுக்குச் சுவருக்கு வெளியே இடம். அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் கல்லறையை எளிமையாகக் கட்டவில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டுக் கூர்நுனிக் கோபுரமாகவும் வளைவு மண்டபமாகவும் எழுப்பி, அதில் பெயர்ப் பலகையைப் பதித்தார்கள். வெயிலிலும் பேதியிலும் முப்பது வயதுக்குள் போய்ச் சேர்ந்த எழுத்தர்களும் வணிகர்களும், பிள்ளைப்பேற்றில் போன பெண்களும், நடக்கப் பழகும் முன்பே போன குழந்தைகளும் அங்கே வரிசையாகக் கிடந்தார்கள்.

ஆலயம் அதன் பிறகு வந்தது. ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் ஆளுநராக இருந்தபோது, 1678 மார்ச் 25, மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாளில் வேலை தொடங்கியது. அதனால்தான் அந்தப் பெயர். கம்பெனிக் கஜானாவிலிருந்து காசு வரவில்லை. கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் தங்களுக்குள் வசூல் செய்து கட்டினார்கள். 1680 அக்டோபர் 28இல் அர்ப்பணம். வெளிச்சுவர் நான்கு அடி கனம். கூரை பீப்பாயைப் பிளந்து கவிழ்த்தது போன்ற செங்கல் வளைவு, இரண்டு அடி கனம். கதவு, ஜன்னல் தவிர மரமே கிடையாது. பீரங்கிக் குண்டு விழுந்தால் தாங்க வேண்டும் என்ற கணக்கில் கட்டிய கட்டடம். கட்டியவர் கோட்டையின் பீரங்கித் தலைவர் எட்வர்டு ஃபவுல் என்று சொல்வது வழக்கம். உறுதியாகச் சொல்ல ஆவணம் இல்லை என்றாலும், அந்தக் கூரையைப் பார்த்தால் பீரங்கிக்காரரின் புத்தி அதில் தெரிகிறது.

அர்ப்பணம் முடிந்த ஒரே வாரத்தில் முதல் திருமணம். 1680 நவம்பர் 4. மாப்பிள்ளை எலிஹூ யேல். பின்னாளில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெயரானவர். பெண் கேதரின், சில மாதங்களுக்கு முன்புதான் கணவர் ஜோசப் ஹின்மர்ஸைப் புதைத்திருந்தவர். யேலுக்கும் கேதரினுக்கும் பிறந்த மகன் டேவிட், நான்கு வயதைத் தாண்டவில்லை. பையனைக் கொண்டுபோய், தாயின் முதல் கணவருக்குக் கட்டியிருந்த அதே கல்லறையில் வைத்தார்கள். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

கற்களின் முதல் பயணத்துக்குக் காரணம் பிரெஞ்சுக்காரர்கள். 1746இல் அவர்கள் சென்னையைப் பிடித்து, மூன்று ஆண்டு வைத்திருந்து, 1749இல் ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த முறை 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து நகரத்துக்குள் புகுந்து கோட்டையை முற்றுகையிட்டார். முற்றுகை போடுகிறவனுக்கு முதலில் தேவை மறைப்பு. கோட்டை மதிலிலிருந்து வரும் குண்டுக்கு ஒதுங்க, தன் பீரங்கியை ஒளித்து வைக்க, சுவர் வேண்டும். வடக்கே, சுடும் தூரத்தில், கனமான செங்கல் கோபுரங்களும் மண்டபங்களும் தயாராகக் கட்டிக் கிடந்தன. ஆங்கிலேயர்களின் கல்லறைகளே பிரெஞ்சுக்காரர்களுக்கு அரணாயின. உள்ளே இருந்தவர்கள் தங்கள் பெற்றோரும் பிள்ளைகளும் கிடந்த இடத்தை நோக்கியே சுட வேண்டியிருந்தது.

1759 பிப்ரவரி 16 மாலை ஆங்கிலக் கப்பல்கள் கடலில் தெரிந்தன. மறுநாள் லாலி கிளம்பிவிட்டார். கோட்டை பிழைத்தது. ஆளுநர் ஜார்ஜ் பிகட்டும் அவருடைய ஆலோசனை சபையும் கற்ற பாடம் எளியது: மதிலுக்கு எதிரே எதிரி ஒதுங்க ஒரு குட்டிச்சுவர்கூட இருக்கக் கூடாது. 1760களின் தொடக்கத்தில் கல்லறைகளை இடித்தார்கள். கட்டடம் போனது. எழுத்து வெட்டிய பலகைக் கற்களை மட்டும் பெயர்த்து, வண்டியேற்றிக் கோட்டைக்குள் கொண்டுவந்து மரியாள் ஆலயத்தைச் சுற்றிப் பாவினார்கள். எலும்புகளை யாரும் தொடவில்லை. புதைத்தது புதைத்த இடத்திலேயே கிடந்தது. புதிய கல்லறைத் தோட்டத்துக்குத் தீவுத்திடலில் இடம் ஒதுக்கினார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அத்தனை கல்லறைகளில் இருந்தும் அத்தனை கற்களும் வந்து சேர்ந்தனவா? நூறு ஆண்டுகளுக்கு மேல் புதைத்த இடம்; காய்ச்சலுக்குப் பெயர் போன ஊர். கிடைத்திருப்பதோ நூற்றுச் சொச்சம் கற்கள். ஏழைச் சிப்பாய்க்குக் கல் வைக்க யாரும் இல்லை என்பது ஒரு காரணம். ஆனால் கல் வைத்தவர்களிலும் எத்தனை பேருடையது முற்றுகையில் சிதறியது, எத்தனை பேருடையது யாரோ வீட்டுப் படிக்கட்டாகப் போனது? நல்ல கருங்கல் பலகை அந்தக் காலத்தில் சும்மா கிடக்கும் சரக்கு இல்லை.

கற்களைப் படிக்கத் தொடங்கினால் இன்னொரு முடிச்சு. இது ஆங்கிலத் திருச்சபையின் கோயில். சூயஸுக்குக் கிழக்கே அந்தச் சபைக்கு இதைவிடப் பழைய கோயில் இல்லை என்பார்கள். கற்களில் இலத்தீனும் ஆங்கிலமும் இருப்பது இயல்பு. ஆனால் போர்த்துக்கீசிய மொழிக் கற்கள் இருக்கின்றன. ஆர்மீனிய எழுத்தும் இருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கும் ஆர்மீனியர்களுக்கும் இங்கே என்ன வேலை? கோட்டைக்குள்ளேயே ஒரு கத்தோலிக்கக் கோயில் இருந்தது. 1642இல் வந்த பிரெஞ்சு கப்புச்சின் துறவி எஃப்ரேம் தெ நெவேர் தொடங்கி வைத்த பங்கு. புனித அந்திரேயா ஆலயம் என்று பெயர். 1749இல் சென்னை திரும்பக் கைக்கு வந்ததும், இவர்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு உளவு சொன்னவர்கள் என்ற ஐயத்தில் ஆங்கிலேயர்கள் துறவிகளை வெளியேற்றிக் கோயிலையும் இடித்தார்கள். அந்தக் கோயிலின் கற்கள்தான் இப்படி வந்து கலந்தன என்பது நல்ல ஊகம். வடக்குக் கல்லறைத் தோட்டத்திலேயே எல்லாரும் கலந்து கிடந்திருக்கலாம் என்பது இன்னோர் ஊகம். கல்லில் யார் இறந்தார், எப்போது இறந்தார் என்று எழுதுவார்கள். எங்கிருந்து பெயர்த்தோம் என்று பெயர்த்தவர்கள் எழுதுவதில்லை.

ஆர்மீனியர்களைச் சொன்னதும் பெத்ருஸ் உஸ்கானைத் தொடாமல் போக முடியாது. 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டியவர், பரங்கிமலைக்குப் படி போட்டவர். 1751இல் இறந்தார். உடல் வேப்பேரியில் கிடக்கிறது. இதயத்தை மட்டும் எடுத்துப் பெட்டியில் வைத்துப் பாரசீகத்தின் ஜூல்பாவுக்கு அனுப்பினார்கள். அவர் கிடக்கும் வேப்பேரிக் கோயிலையும் மறு ஆண்டே கத்தோலிக்கரிடமிருந்து பறித்துச் சீர்திருத்த சபை மிஷனரி ஃபாப்ரிசியஸ் கையில் கொடுத்துவிட்டார்கள். தமிழ் அகராதியும் பைபிள் மொழிபெயர்ப்பும் செய்த அதே ஃபாப்ரிசியஸ். 1753 பிப்ரவரி 18இல் மரியாள் ஆலயத்தில் ராபர்ட் கிளைவுக்கும் மார்கரெட் மஸ்கிலினுக்கும் திருமணம் நடத்தி வைத்தவரும் அவரே. சின்ன ஊர், கொஞ்சம் ஆட்கள். எந்தக் கல்லைத் தூக்கினாலும் அடியில் தெரிந்த பெயர் ஒன்று வருகிறது.

இரண்டாம் பயணம் ஹைதர் அலியால். 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியாக ஹைதரின் படை சமவெளியில் இறங்கியது. குதிரைப்படை பரங்கிமலையையும் சாந்தோமையும் தொட்டுவிட்டுப் போனது. செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படை நாசமானது. சென்னையில் அரிசி கிடையாது. அடுத்து கோட்டைக்குத்தான் வருவார் என்ற பயம். மதில்மேல் பீரங்கிகளை ஏற்றினார்கள். பீரங்கி சும்மா மண்மேல் நிற்காது. ஒவ்வொரு முறை சுடும்போதும் வண்டியோடு பின்னுக்கு உதைத்துக்கொண்டு வரும். அடித்தளம் மெத்தென்று இருந்தால் சக்கரம் புதைந்து குறி தவறிவிடும். கீழே கெட்டியாக, சமமாக, அகலமான பரப்பு வேண்டும். ஆலயத்தைச் சுற்றி நூறு கருங்கல் பலகைகள் பாவிக் கிடந்தன. 1782இல் அவற்றைப் பெயர்த்துப் பீரங்கி மேடைக்குக் கொண்டுபோனார்கள்.

முன்பு எதிரிப் பீரங்கிக்கு மறைப்பாக நின்ற கல்லறைகளின் கல், இப்போது சொந்தப் பீரங்கிக்குக் கீழே. போர் ஓய்ந்த பிறகு திரும்ப ஆலயத்துக்கு வந்தன. உடைந்தவை உடைந்தவைதான். சில கற்களில் ஓரம் சிதைந்தும் மேற்பரப்பு நொறுங்கியும் இருப்பதற்கு மழை மட்டும் காரணம் இல்லை.

ஹைதர் சென்னைக் கோட்டைக்கு வரவே இல்லை. முதுகில் வந்த கட்டி முற்றி, 1782 டிசம்பர் 7இல் சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டைக் கூடாரத்தில் இறந்தார். மகன் திப்பு அப்போது மலபார் பக்கம் போரில் இருந்தார். செய்தி வெளியே தெரிந்தால் படை கலைந்துவிடும். ஹைதரின் அதிகாரிகள் பூர்ணையாவும் கிருஷ்ணராவும் விஷயத்தை மூடி மறைத்தார்கள். உடலை வாசனைப் பொருள்கள் போட்டுப் பெட்டியில் அடைத்து, கஜானாப் பெட்டி போகிறது என்று சொல்லிக் காவலோடு மலையேற்றிக் கோலாருக்கு அனுப்பினார்கள். அங்கே தந்தையின் சமாதியில் கொஞ்ச காலம் வைத்து, பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். ஆங்கிலேயர்கள் அவருக்குப் பயந்து கல்லைப் பெயர்த்த அதே ஆண்டில், அவருடைய உடலே பெட்டியில் பயணம் போனது. நம் சித்தூர்ப் பள்ளிகளில் இதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லிக்கொடுக்கலாம்.

வெளியே பெயர் உண்டு, உடல் இல்லை. ஆலயத்துக்குள் போனால் இதற்கு நேர்மாறாக ஒரு கல்லறை. கல்லறைகளை இடித்துக் கற்களை உள்ளே கொண்டுவந்த அதே பிகட், 1775இல் பிரபு பட்டத்தோடு இரண்டாம் முறை ஆளுநராக வந்தார். தஞ்சாவூர் அரசரிடமிருந்து பிடுங்கிய நாட்டைத் திரும்பக் கொடுக்கப் போய், ஆற்காடு நவாபுக்குக் கடன் கொடுத்து வைத்திருந்த தன் சொந்த சபை உறுப்பினர்களோடு மோதினார். 1776 ஆகஸ்டில் அவர்கள் தங்கள் ஆளுநரையே கைது செய்தார்கள். காவலில் இருந்தபடியே 1777 மே 11இல் இறந்தார். விசாரணைக் குழு கொலை என்று சொன்னது. பிறகு அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. உடலை மரியாள் ஆலயத்தில் புதைத்தார்கள், மேலே பெயர் இல்லாமல். பின்னாளில் வைத்த கல்லிலும் ஒரு சிலுவையும் ‘இன் மெமோரியம்’ என்ற இரண்டு இலத்தீன் சொற்களும்தான். பெயரை எழுத அன்றைக்குப் பயந்தார்கள் என்பது எளிதில் புரிகிறது. பயம் போன பிறகும் ஏன் எழுதவில்லை? நூறு பேரின் பெயர்களைக் காப்பாற்றிக் கோட்டைக்குள் கொண்டுவர ஏற்பாடு செய்தவருக்குத் தன் பெயரில் ஒரு கல் கிடைக்கவில்லை. இந்த ஆலயத்தின் புதிர்களில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

அவருக்குப் பக்கத்துத் தரையில் இன்னோர் ஆளுநர், தாமஸ் மன்றோ. மவுண்ட் ரோட்டில் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர். 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கிய பதினெட்டு வயதுப் பயிற்சிச் சிப்பாய். ஹைதரை எதிர்த்த அந்தப் போரிலேயே சண்டையிட்டவர். பிறகு எங்கள் எல்லைக்கு அப்பால் பாராமகாலில் வரி நிர்வாகம், அதன் பிறகு ராயலசீமையில் கலெக்டர். ஊர் திரும்பும் முன் பழைய மாவட்டங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரக் கிளம்பி, 1827 ஜூலை 6இல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். குத்தியில் புதைத்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1831இல், தோண்டி எடுத்துச் சென்னைக்குக் கொண்டுவந்து இந்த ஆலயத்தில் வைத்தார்கள். இங்கே கல் நகரவில்லை, மனிதர் நகர்ந்தார். ராயலசீமையில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்த காலம் உண்டு. திருமலையில் பெருமாளுக்கு நைவேத்தியம் போகும் பாத்திரம் ஒன்றை மன்றோ கங்காளம் என்று இன்றும் சொல்கிறார்கள். வரி வாங்கியவன் பெயரை ஊர் இப்படி வைத்துக்கொள்வது அபூர்வம்.

பலிபீடத்துக்கு மேலே இருக்கும் கடைசி இராப்போஜன ஓவியத்தைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். வரைந்தவர் யார் என்று தெரியாது. ரஃபேலின் சீடர் வழி வந்த கை என்கிறது ஒரு மரபு. 1761இல் புதுச்சேரியைப் பிடித்தபோது கொள்ளைப் பொருளாக வந்தது என்கிறது இன்னொன்று. இரண்டாவது நடந்திருக்கக்கூடியது, புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் அந்த ஆண்டில் தரைமட்டமாக்கினார்கள், கையில் அகப்பட்டதை எடுத்தும் இருப்பார்கள். ரஃபேல் கதையை நான் நம்பவில்லை. யார் வரைந்தது என்று தெரியாத நல்ல படம் எது கிடைத்தாலும் அதில் இத்தாலிக்காரர் பெயரை ஒட்டிவிடுவது பழைய வழக்கம்.

இதேபோல் எலிசபெத் பேக்கர் கல்லைப் பற்றியும் ஒரு மிகை உண்டு. இந்தியாவிலேயே பழைய ஆங்கிலேயர் கல்லறைக் கல் இதுதான் என்று பல நூல்களில் எழுதியிருப்பார்கள். ஆக்ராவில் ஜான் மில்டன்ஹால் என்ற ஆங்கில வணிகருக்குக் கல் இருக்கிறது. அவர் இறந்தது 1614இல். அதில் எழுத்து போர்த்துக்கீசியம் என்பதால் கணக்கில் விட்டுப்போயிருக்கலாம். சென்னைக்கு மூத்தது என்று சொன்னாலே எலிசபெத்தின் கல்லுக்குப் பெருமை போதும்.

வடக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் பிறகு என்ன ஆனது? மதிலுக்கு எதிரே வெட்டவெளி. 1773இல் அந்த வெட்டவெளிக்கு எல்லை காட்ட ஆறு தூண்கள் நட்டார்கள். இதைத் தாண்டிக் கட்டடம் கட்டாதே என்று பொருள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் வாசலில் இன்னும் நிற்கிறது. பீரங்கிப் பயம் தீர்ந்த பிறகு வெட்டவெளியில் கட்டடங்கள் எழும்பின. 1892இல் உயர் நீதிமன்றம் திறந்தார்கள். சில ஆண்டுகளில் பக்கத்திலேயே சட்டக் கல்லூரிக் கட்டடம். கற்கள் மரியாள் ஆலயத்தில் கிடக்க, அவற்றுக்கு உரியவர்களின்மேல் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வக்கீல்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

இடித்தபோது இரண்டை மட்டும் விட்டுவைத்தார்கள். ஒன்று பௌனி குடும்பத்தின் நிலவறை. மற்றது ஹின்மர்ஸும் சிறுவன் டேவிட் யேலும் சேர்ந்து கிடக்கும் கூர்நுனிக் கல்லறை. எலிஹூ யேல் பிற்காலத்தில் ஆளுநராக இருந்தவர் என்ற மரியாதை காப்பாற்றியதா, வேறு காரணமா என்பது முடிவாகாத கேள்வி. 1921இல் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். அந்த இடத்தில் நீதிமன்றத்துக்கு அடுக்கு வாகன நிறுத்தம் கட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்து, வழக்காகி, 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, கல்லறையை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லித் தீர்ப்பளித்தார். வரலாற்று மதிப்பு இல்லாத தனிப்பட்ட ஒருவரின் சமாதி என்ற வாதம் அதில் எடுபட்டது. லாலியின் முற்றுகைக்குப் பிறகும் பிகட்டின் கடப்பாரைக்குப் பிறகும் இடம் பெயராமல் நின்ற ஒன்றுக்கு, கார் நிறுத்த இடம் வேண்டி வந்த ஆணை அது. வண்டி நிறுத்த இடம் வேண்டும்தான். ஆனால் கல்லும் உடலும் ஒரே இடத்தில் கிடக்க, இடிப்புக்குத் தப்பிய இரண்டு பழைய சாட்சிகளில் ஒன்று அது. கற்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் கைகாட்டிச் சொல்லும் அடையாளமும் அது. அதை நகர்த்தினால் மரியாள் ஆலயத்தில் இன்னொரு பெயர்ந்த கல் சேரும், அவ்வளவே.

இந்தக் கற்கள் நமக்குப் படிக்கக் கிடைப்பதற்கு ஜே. ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரிக்கு நன்றி சொல்ல வேண்டும். மாகாணம் முழுக்க இருந்த ஐரோப்பியக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து 1905இல் நூலாக வெளியிட்டார். ஆலயத்தில் 1680 முதலான ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகளும் உண்டு. பதிவேட்டில் இருக்கும் அடக்கங்களையும் காட்டன் பார்த்த கற்களையும் இன்று தரையில் தெரியும் எழுத்துகளையும் மூன்று பத்தியாக எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எத்தனை கல் தொலைந்தது, எது 1905க்குப் பிறகு தேய்ந்தது, போர்த்துக்கீசிய, ஆர்மீனியக் கற்களுக்குரியவர்கள் ஆலயப் பதிவேட்டில் இருக்கிறார்களா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அந்தக் கடைசிக் கேள்விக்கு இல்லை என்று விடை வந்தால், அவை வேறிடத்திலிருந்து வந்தவை என்ற ஊகத்துக்குக் கொஞ்சம் பலம் கிடைக்கும். பெரிய பணம் தேவையில்லாத வேலை. இலத்தீன் தெரிந்த குருமட மாணவர் ஒருவர், ஆர்மீனியம் படிக்கக்கூடிய ஒருவர், நல்ல கேமரா, சாய்வெயில் விழும் காலை நேரம் இவை போதும். எழுத்து தேய்ந்த கல்லை உச்சிவெயிலில் படிக்க முடியாது. ஒளி பக்கவாட்டில் விழுந்தால்தான் பள்ளம் நிழலாகத் தெரியும்.

அந்தப் பட்டியல் தமிழில் வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். சென்னையில் வரலாறு படிக்கும் மாணவர்களில் யாராவது இதை எடுத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் போய்ப் பார்த்துவிட்டாவது வாருங்கள். செயலகம் அதே வளாகத்தில் இருப்பதால் கோட்டை வாசலில் சோதனை இருக்கும்; அடையாள அட்டை எடுத்துப் போங்கள். கற்களின்மேல் நடக்காமல் ஓரமாகப் போங்கள்.